உப்புச் சாலைக்கு ஒரு பழைய பைக்: பிரிட்டனில் மலிவாகக் குளிர்கால வண்டி வாங்குவது எப்படி?

பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் பைக் ஓட்டுகிறவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கூட்டம் வண்டியைக் கழுவித் துடைத்து, பேட்டரி சார்ஜரை மாட்டி, மேலே உறை போர்த்தி மார்ச் வரை நிறுத்திவிடும். இன்னொரு கூட்டம், ரயில் கட்டணத்தைப் பார்த்து வயிறு எரிந்தோ வேலைக்குப் போக வேறு வழி இல்லாமலோ, ஓட்டிக்கொண்டே இருக்கும். அவர்களில் விவரமானவர்கள் நல்ல வண்டியை உள்ளே வைத்துவிட்டு, இருபது வயதான, கீறல் விழுந்தாலும் மனசு வலிக்காத ஒரு பழைய பைக்கை வெளியே எடுப்பார்கள். அங்கே அதற்கு விண்டர் ஹேக் என்று பெயர்.

இதற்கெல்லாம் காரணம் குளிரைவிட உப்புதான். சாலையின் மேற்பரப்பு உறைநிலையை நெருங்கும் என்று தெரிந்தால் கவுன்சில் லாரிகள் இரவோடு இரவாகப் பாறை உப்பைத் தூவிவிடும். செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து மட்டும் மலை மலையாக உப்பு வருகிறது. உப்பு தண்ணீரின் உறைநிலையை இறக்கிவிடுவதால் சாலையில் பனிக்கட்டி பிடிக்காது. நல்லதுதான். ஆனால் அந்த உப்புத் தண்ணீர் முன்சக்கரத்திலிருந்து தெறித்து எக்ஸாஸ்ட் பைப், ரேடியேட்டர், பிரேக் காலிப்பர், வயரிங் கனெக்டர் என்று ஒன்றுவிடாமல் அப்பும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் வண்டி நிற்கும்போதும் அரிப்பு நிற்காது. புது வண்டியை ஒரே குளிர்காலம் இப்படிக் கவனிப்பில்லாமல் ஓட்டினால் அதன் விலையில் பெரிய ஓட்டை விழும்.

ஆக, வாங்கப்போவது உப்புக்குக் கொடுக்கப்போகிற வண்டி. அதை மனதில் வைத்துத்தான் எல்லா முடிவும் எடுக்க வேண்டும்.

முதலில் கணக்கு

கையில் 1,200 பவுண்டு இருக்கிறது என்றால் வண்டிக்கு 800க்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சம் 400 முதல் மாதத்திலேயே போய்விடும். ஒரு ஜோடி டயர், செயினும் ஸ்பிராக்கெட்டும், பேட்டரி, பிரேக் பேட், காலிப்பர் சீல் என்று பழைய வண்டி கேட்டுக்கொண்டே இருக்கும். மலிவு வண்டி வாங்கி ஏமாந்ததாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் வண்டியால் ஏமாந்தவர்கள் அல்ல. இந்த மிச்சத்தை எடுத்துவைக்காதவர்கள்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே, மனதில் உள்ள மாடலுக்கு உங்கள் வயது, முகவரி போட்டு விலை கேட்டுவிடுங்கள். கிழக்கு லண்டன் முகவரியும், வண்டி இரவில் தெருவில்தான் நிற்கும் என்ற பதிலும் சேர்ந்தால், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதை ஆகிவிடும். ஏற்கெனவே ஒரு பைக் வைத்திருந்தால் இரண்டையும் ஒரே பாலிசியில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் லாபம்.

லைசென்ஸும் இங்கேயே முடிவாக வேண்டிய விஷயம். சி.பி.டி. என்ற அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவர் 125 சி.சி.க்குள், எல் பலகையோடு, இரண்டு வருடம் ஓட்டலாம். ஏ2 என்ற இடைநிலை லைசென்ஸ் என்றால் 35 கிலோவாட் வரம்பு. நான் கீழே சொல்லும் 500 சி.சி. வண்டிகளில் சில அந்த வரம்பைத் தாண்டுபவை. சக்தியைக் குறைக்கும் கிட் போட்டு, அதற்கான சான்று கையில் இருந்தால்தான் ஏ2காரர்கள் ஓட்டலாம்.

லண்டன்காரர்களுக்கு யூலெஸ்

லண்டனில் இருந்தால் இதைச் சரிபார்க்காமல் விற்பவருக்கு போன் போடவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நகரப் பகுதிகளும்) யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் மண்டலத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. பைக்குக்கு யூரோ 3 என்ற புகைத் தரம் வேண்டும். பொதுவாக 2007 ஜூலைக்குப் பின் பதிவானவை தேறும். தேறாத வண்டியை எடுத்தால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 600 பவுண்டு வண்டிக்கு இரண்டு மாதத்தில் அந்த 600ஐயும் இதற்கே கட்டிவிடுவீர்கள்.

சில பழைய வண்டிகள் புகைச் சோதனையில் தேறி விலக்கு வாங்கியிருக்கின்றன. அதனால் வருடத்தை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாமல், லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பர்மிங்காம், பிரிஸ்டல், கிளாஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்குள்ள காற்று மண்டலங்கள் பைக்கிடம் காசு கேட்பதில்லை.

எந்த வண்டி?

அழகையும் வேகத்தையும் ஓரம் கட்டுங்கள். பிளாஸ்டிக் குறைவாக, பாகங்கள் எளிதில் கிடைப்பதாக, ஸ்பேனர் எட்டும் இடத்தில் எல்லாம் இருப்பதாகப் பாருங்கள்.

என் முதல் ஓட்டு ஹோண்டா சி.பி.500க்கு. 1993 முதல் 2003 வரை வந்த இரட்டை சிலிண்டர் வண்டி. ஓட்டுநர் பள்ளிகளும் கூரியர்காரர்களும் இதைப் பிழிந்து எடுத்தார்கள், இன்ஜின் அசரவில்லை. அதற்குப் பக்கத்தில் கவாசாகி ஈ.ஆர்.5, சுசுகி ஜி.எஸ்.500. இரண்டும் எளிமையானவை. ஜி.எஸ். காற்றால் குளிர்வது என்பதால் ரேடியேட்டர் ஓட்டையாகும் கவலை இல்லை. ஆனால் அதன் பெயின்ட் உப்புக்குத் தாங்காது.

தினமும் மோட்டார்வே என்றால் ஹோண்டா டோவில். செயினுக்குப் பதில் ஷாஃப்ட், காற்று மறைப்பு, வண்டியோடு சேர்ந்த பெட்டிகள். பார்க்க டெலிவரி வேன் மாதிரி இருக்கும், ஓட்டவும் கொஞ்சம் அப்படித்தான். குளிர்காலத்தில் ஷாஃப்ட் எவ்வளவு பெரிய வரம் என்பது, ஜனவரி ராத்திரியில் மண்டியிட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டவர்களுக்குத்தான் புரியும்.

சுசுகி எஸ்.வி.650 அருமையான வண்டி, ஆனால் ஒரு குணம் உண்டு. முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் முன்சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் குழியில் தேங்கும். தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறது. அதில் அழுக்கு அடைத்துக்கொண்டால் மழையில் ஒரு சிலிண்டரோடு இழுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். துளையைக் குத்திவிட்டு, முன் மட்கார்டுக்கு ஒரு நீட்டிப்புப் போட்டால் சரியாகும். யமஹா ஃபேஸர் 600இல் எக்ஸாஸ்ட் பைப் அரித்துப்போவது பிரசித்தம். துருப்பிடிக்காத எஃகில் மாற்றியிருந்தால் யோசிக்காமல் பாருங்கள்.

125 சி.சி.யில் ஹோண்டா சி.ஜி.125, யமஹா ஒய்.பி.ஆர்.125. சி.ஜி.யில் நம்ம ஊர் ஸ்பிளெண்டரில் இருப்பது போல முழுசாக மூடிய செயின் கவர் இருக்கும். ஆயிரக்கணக்கான பவுண்டு வண்டிகளில் இல்லாத வசதி அது. பெயரே கேள்விப்படாத மலிவு 125களைத் தொடாதீர்கள். ஓடும்வரை ஓடும், பாகம் தேடும்போதுதான் தெரியும்.

நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர், முழு ஃபேரிங் (பிளாஸ்டிக் உறை) என்று உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் பைக் சில நேரம் அடிமாட்டு விலைக்கு வரும். ஆசைப்படாதீர்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் சோதனை

விளம்பரத்தில் பதிவு எண் தெரியும். தெரியாவிட்டால் கேட்டு வாங்குங்கள், தர மறுப்பவரை விட்டுவிடுங்கள். அந்த எண்ணை அரசின் எம்.ஓ.டி. (வண்டி சாலைக்குத் தகுதியா என்ற வருடாந்திரச் சோதனை) வரலாற்றுப் பக்கத்தில் போட்டால் இலவசமாக அந்த வண்டியின் ஜாதகமே வரும். எந்த வருடம் தேறியது, எதில் தவறியது, எத்தனை மைல் ஓடியிருந்தது, சோதித்தவர் எதைக் கவனிக்கச் சொன்னார், எல்லாம்.

இதை மேலோட்டமாகப் பார்க்காமல் வரிசையாகப் படியுங்கள். ஒரு வண்டி வருடம் 5,000 மைல் என்று ஓடிவந்து, திடீரென்று மூன்று வருடம் எம்.ஓ.டி.யே இல்லாமல், பிறகு போன மாதம் ஒன்று எடுத்திருந்தால், அது எங்கோ ஷெட்டில் கிடந்து விற்பதற்காக எழுப்பப்பட்ட வண்டி. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், டயர் கெட்டித்திருக்கும், பிரேக் ஒட்டியிருக்கும். மாறாக 48,000 மைல் ஓடி, வருடா வருடம் ஜனவரியில் எம்.ஓ.டி. எடுத்து, இரண்டு முறை செயின், ஒரு முறை ஃபோர்க் சீல் என்று தவறித் திருத்திய வண்டியைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். யாரோ அதைத் தினமும் ஓட்டிக் கவனித்திருக்கிறார்கள். இந்த விலையில் மைலேஜைவிடக் கவனிப்புதான் பெரிது.

சோதித்தவரின் குறிப்புகளில் அரிப்பு என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் என்றால் பேரம் பேசலாம். ஃப்ரேம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், பிரேக் பைப் என்றால் அடுத்த வண்டி.

கொஞ்சம் காசு கொடுத்து வண்டியின் பின்னணியையும் எடுத்துவிடுங்கள். திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா, விபத்துக்குப் பின் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்டதா என்று தெரியும். 2017 அக்டோபருக்குப் பிறகு கைவிடப்பட்டவற்றில், கேட்டகரி ‘என்’ (N) என்றால் கட்டமைப்புக்குச் சேதமில்லை, ‘எஸ்’ (S) என்றால் சேதம் உண்டு. கேட்டகரி ‘என்’ வண்டி ஹேக்குக்குத் தாராளமாகப் போதும். விலையும் இறங்கும். பிளாஸ்டிக் உடைந்ததற்கே பழைய பைக்குகளைக் கைவிட்டுவிடுவார்கள்.

நேரில்

பகலில் போங்கள். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். ‘வேலை முடிந்து ஆறு மணிக்கு வாங்க’ என்றால் வார இறுதிக்கு மாற்றுங்கள். மழையில் நனைந்த வண்டியையும் பார்க்காதீர்கள். ஈரம் எல்லாப் பெயின்டையும் பளபளப்பாக்கிவிடும்.

போனிலேயே ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். போனதும் கையுறையைக் கழற்றி இன்ஜினைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள். குளிர்ந்த வண்டி, சோக்கை இழுத்து, சில சுற்றிலேயே பிடிக்க வேண்டும். ஐந்து டிகிரி குளிரில் நின்ற வண்டி உங்கள் கண்முன் ஸ்டார்ட் ஆவதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. நவம்பரில் வாங்குவதில் உள்ள லாபமும் இதுதான். கோடையில் எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆகும்.

அடுத்து டார்ச்சோடு கீழே குனியுங்கள். எக்ஸாஸ்ட் பைப் இன்ஜினில் சேரும் இடத்தில் உள்ள ஸ்டட்களைப் பாருங்கள். நட்டின் ஆறு பக்கமும் தெரிகிறதா, இல்லை பழுப்பு உருண்டையாகிவிட்டதா? உருண்டை என்றால் கழற்றும்போது ஸ்டட் இன்ஜினுக்குள்ளேயே முறியும் வாய்ப்பு அதிகம். பைப்பின் அடிப்பக்கத்தையும் சைலன்சர் இணைப்பையும் விரலால் அழுத்துங்கள். மேலே துரு இருந்தால் பரவாயில்லை, உள்ளே வாங்கினால்தான் பிரச்சினை. அலுமினியப் பாகங்களில் வெள்ளைத் தூள் பூத்திருப்பது வெறும் அசிங்கம். ஃப்ரேமின் வெல்டுகளில், சைடு ஸ்டாண்டு பொருந்தும் இடத்தில், ஸ்விங் ஆர்மின் அடியில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் அது அசிங்கத்தோடு நிற்காது.

பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர்தான் குளிர்கால வண்டிகளின் பலவீனம். சீல் உட்காரும் பள்ளத்துக்குள் உப்புப் புகுந்து அலுமினியம் பொருமும். பொருமிய உலோகம் சீலைத் தள்ளி பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிரேக் பிடித்து விட்டபின் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் நியூட்ரலில் தள்ளுங்கள், உரசி நிற்கக் கூடாது. ஓட்டிப் பார்த்து வந்ததும் டிஸ்க்குக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் ஒட்டியிருக்கிறது. இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. சீல் வாங்கிப் போட்டால் தீரும். பேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் நகத்தை ஓட்டுங்கள். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகம் தட்டினால் துருக்குழி. புது சீலையும் அது கிழித்துவிடும். எண்ணெய் கசிந்தால் எம்.ஓ.டி.யில் தவறும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் கடக்கென்று உட்கார்ந்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது.

மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். நின்ற நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இன்ஜினை 4,000, 5,000 சுற்றுக்கு உயர்த்தினால் 14ஐ ஒட்டி வர வேண்டும். 13.5ஐத் தாண்டவே இல்லை என்றால் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரோ ஸ்டேட்டரோ சந்தேகம். ஹேண்டிலில் சூடேற்றும் கைப்பிடி போடப்போகிறீர்கள், அதற்கும் மின்சாரம் வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3619 என்றால் 2019ஆம் வருடத்தின் 36ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பத்து வயது டயர் ஈரமான குளிர்சாலையில் சோப்புக்கட்டிதான். அதன் விலையை முழுசாகக் கழியுங்கள்.

காகிதமும் காசும்

வி5சி லாக்புக் (வண்டியின் பதிவு ஆவணம்) இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்டியரிங் தலைப்பகுதியில் பொறித்த சேசிஸ் எண்ணும், இன்ஜின் எண்ணும் அதோடு பொருந்த வேண்டும். லாக்புக்கில் உள்ள முகவரியிலேயே வண்டியைப் பாருங்கள். அதில் பெயர் இருப்பவர் பதிவுக்குரியவரே தவிர உரிமையாளர் என்பதற்கு அது ஆதாரமில்லை. அதனால் தேதி, விலை, இருவர் கையெழுத்தோடு ஒரு ரசீது எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பவர் இணையத்தில் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, லாக்புக்கின் பச்சை நிறத் துண்டை உங்களிடம் தருவார். 2014 அக்டோபர் முதல் சாலை வரி வண்டியோடு வருவதில்லை. அவர் கட்டிய வரி அவரோடு முடிந்தது. அங்கேயே நின்று, முதலில் இன்ஷூரன்ஸ், பிறகு அந்தத் துண்டிலுள்ள எண்ணை வைத்து வரி, பிறகுதான் சாவி போட வேண்டும். எம்.ஓ.டி. இல்லாத வண்டியை வரி கட்டி எடுக்க முடியாது. முன்பதிவு செய்த எம்.ஓ.டி. சோதனைக்கு ஓட்டிப்போகலாம், அதற்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும்.

முதல் வார இறுதி

ஓட்டத் தொடங்குமுன் ஒரு நாள் வண்டியோடு உட்காருங்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஏ.சி.எஃப்.50 போன்ற அரிப்புத் தடுப்பு எண்ணெயை எல்லா உலோகத்திலும் மெல்லிசாக அடியுங்கள். பிரேக் டிஸ்க், பேட், டயர் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது. டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு அடிப்பது உத்தமம். காலிப்பர்களைக் கழற்றி, பிஸ்டனைச் சுத்தம் செய்து, ரப்பருக்கான சிவப்பு கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். கையில் கிடைக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிக் காப்பர் கிரீஸ் போட்டுத் திரும்ப முடுக்கினால், பிப்ரவரியில் உங்களையே வாழ்த்திக்கொள்வீர்கள். பிரேக் போல்ட்களுக்கு மட்டும் டார்க் (முறுக்கு விசை) அளவைப் பார்த்து முடுக்குங்கள். கூலன்டில் ஆன்ட்டிஃபிரீஸ் எவ்வளவு பழசோ தெரியாது, மாற்றிவிடுங்கள். செயின் வண்டி என்றால் தானாக எண்ணெய் சொட்டும் கருவிக்குச் செலவு செய்வது வீணாகாது.

ஹேண்டில் மஃப், அதாவது கைப்பிடி மேல் மாட்டிக் கையை உள்ளே நுழைத்துக்கொள்ளும் உறை, வாங்குங்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் விலையுயர்ந்த கையுறைகளைவிடச் சூடு அதில்தான்.

ஓட்டத் தொடங்கியபின் வாரம் ஒருமுறையாவது பச்சைத் தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு அரிப்பை வேகப்படுத்தும். அதே காரணத்தால், நனைந்த வண்டியை உப்போடு சூடான காரேஜில் விடுவதைவிடக் குளிரிலேயே விடலாம். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பதும் வேண்டாம். எக்ஸாஸ்டிலும் எண்ணெயிலும் நீர் சேரும், பேட்டரியும் நிறையாது. ஓட்டினால் முழுசாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்.

கார்புரேட்டர் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. மூடுபனி நாளில், உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் இழுத்து நின்றுவிடும். ஓரம் கட்டிச் சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கார்புரேட்டருக்குள் பாயும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைப்பதுதான் காரணம். நிற்கும் நேரத்தில் இன்ஜின் சூட்டில் அது உருகிவிடும். ஸ்பார்க் பிளக், காயில் என்று மாற்றிக் காசைக் கரைக்குமுன், பெட்ரோலில் கலக்கும் பனித்தடுப்புத் திரவத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு, எத்தனால் அதிகம் கலந்த ஈ10ஐ விடக் குறைவாகக் கலந்த ஈ5 பெட்ரோல் நல்லது. விலை கொஞ்சம் அதிகம்தான்.

ஏப்ரலில் இரண்டு வழி உண்டு. வண்டி உறுதியாக இருந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெயில் வந்ததும் விலை ஏறும்போது தள்ளிவிடுங்கள். எம்.ஓ.டி.யில் ஃப்ரேமோ ஸ்விங் ஆர்மோ அரித்துவிட்டது என்று வந்தால் வெல்டிங்குக்குச் செலவழிக்காதீர்கள். வண்டி சாலையில் இல்லை என்று அரசுக்கு அறிவித்துவிட்டுப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றால், கொடுத்த விலையில் பாதிக்கு மேல் திரும்பி வரும். சூடேற்றும் கைப்பிடி, மஃப், செயின் எண்ணெய்க் கருவி மூன்றையும் மட்டும் விற்காமல் எடுத்துவையுங்கள். அடுத்த வண்டிக்கு மாட்டிக்கொள்ளலாம்.